தலைமையாசிரியர் ஆகும் முன் என்ன படிக்கலாம்?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 14 வருடமாக வேதியியல் முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. பணிமூப்புப்படி இன்னும் ஐந்தாறு வருடத்தில் தலைமையாசிரியர் பொறுப்பு எனக்கு வரும். அதற்குள் ஏதாவது படித்துக்கொள்ள ஆசை. கல்வித் தலைமை, கல்விக் கொள்கை, கல்வித் தொழில்நுட்பம் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். பள்ளியில் ஸ்மார்ட் போர்டு, எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றும் வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்பதால், தொழில்நுட்பமே படியுங்கள் என்கிறார் உடன் வேலை பார்க்கும் சார். கனடாவில் இருக்கும் தோழி அங்கே வந்து எம்.ஏ. படிக்கச் சொல்கிறாள். கணவர் தடுக்கவில்லை, “சம்பளம் கூடுமா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடுதல் பட்டத்துக்கு ஊக்க ஊதிய உயர்வு என்ற வழக்கத்தைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. எனவே சம்பளக் கணக்கை வைத்து இதில் இறங்காதீர்கள். அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டால், என் அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும்.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற அன்று ஒரு சாவிக்கொத்தும் இருப்புப் பதிவேடும் கொடுத்தார்கள். பயிற்சி எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை வரை கணக்கு வாத்தியார், திங்கட்கிழமை தலைமையாசிரியர். முதல் ஆறு மாதம் கோப்பு, சம்பளப் பட்டியல், அலுவலகக் கூட்டம் என்றே ஓடியது. ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சுற்றறிக்கையைப் பக்கத்து வகுப்பில் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவன் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். தமிழை எழுத்துக் கூட்டிக்கூட அவனால் படிக்க முடியவில்லை. விசாரித்தால் அந்த வகுப்பில் அவனைப் போல் இன்னும் பல பிள்ளைகள். அந்த ஆறு மாதத்தில் ஒரு வகுப்பிலும் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாற்காலி வருவதற்கு ஐந்து வருடம் முன்பே அதற்காகப் படிக்க நினைப்பவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு. கல்வித் தலைமை என்று ஒரு துறை இருப்பதற்குக் காரணமே, நான் தவறவிட்ட அந்த வேலைதான். வகுப்பறையை எப்படிக் கவனிப்பது, ஆசிரியர் மனம் நோகாமல் குறையை எப்படிச் சொல்வது, கால அட்டவணையையும் பணத்தையும் பலவீனமான பிள்ளைகள் பக்கம் எப்படித் திருப்புவது, இவையெல்லாம் அதில் வருகின்றன. பிள்ளைகளின் கற்றலைப் பாதிக்கும் பள்ளிக் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்குத்தான் என்று, கென்னத் லெய்த்வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் எழுதினார்கள். என் சாய்வைச் சொல்லிவிட்டேன்: நீங்கள் படிக்க வேண்டியது கல்வித் தலைமையும் நிர்வாகமும்.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எமிஸில் விவரம் ஏற்றுவது வேறு, கல்வித் தொழில்நுட்பம் வேறு. எந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே தடுமாறுகிறது, அதற்கு எந்தக் கருவி, எவ்வளவு நேரம், பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது – இவைதான் அந்தப் படிப்பின் கேள்விகள். ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983-லேயே ஓர் உவமை சொன்னார். மளிகை ஏற்றி வரும் லாரியால் நம் உடம்பின் ஊட்டம் மாறிவிடாது, பாடத்தை ஏற்றி வரும் கருவியும் அப்படித்தான் என்றார். இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. நம் நாட்டிலேயே வடோதராவில் ஓர் ஆய்வு நடந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு கணினிக்கு இரண்டு பேராக, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் ஆடினார்கள். கணக்கு மதிப்பெண் நன்றாகவே உயர்ந்தது. ஆனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. 2007-ல் வெளியான இந்த ஆய்வை எழுதியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். உங்கள் ஸ்மார்ட் போர்டைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும். அதற்குத் தனியாக ஒரு பட்டம் உங்களுக்குத் தேவைப்படாது.

கொள்கையை ஒரு பாடமாகப் படித்தால் போதும், ஆனால் ஆழ்ந்து படியுங்கள். சுற்றறிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்த தலைமையாசிரியர் அதைப் பார்த்துப் பயப்பட மாட்டார். மதிய உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். காமராசர் காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முதலில் ஊர்மக்கள் கொடுத்த அரிசியிலும் பணத்திலும்தான் பள்ளிகளில் அடுப்பு எரிந்தது. அரசுப் பணம் பிறகுதான் வந்தது. 1982-ல் அது சத்துணவாக விரிந்தது, 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. ஒரு யோசனை எப்படி ஊரில் வேர்பிடிக்கிறது, யார் சமைக்கிறார்கள், யார் கணக்கு எழுதுகிறார்கள், எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதுதான் கொள்கைப் படிப்பு. இப்படிப் பார்க்கப் பழகினால் கல்வி உரிமைச் சட்டமும் 2020 தேசியக் கொள்கையும் வேறு மாதிரி தெரியும்.

சரி, எங்கே சேருவது? எம்.எட். முழுநேரப் படிப்பு. கல்வி மேலாண்மை, கொள்கை, தொழில்நுட்பம் மூன்றையும் அதிலேயே சிறப்புப் பாடமாக எடுக்க வழியுண்டு. பி.எட். கல்லூரியில் பேராசிரியராகப் போகும் எண்ணம் இருந்தால் அதுதான் வழி. பெங்களூருவில் உள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்வியும் நல்ல படிப்பு, அதுவும் முழுநேரம். இரண்டுக்குமே நீங்கள் நீண்ட விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். குடும்பத்தோடு இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்வது இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கல்வி மேலாண்மைக்கும் நிர்வாகத்துக்கும் முதுகலைப் பட்டயம் இருக்கிறது, குறைந்தது ஒரு வருடம். வேலையை விடாமல் படிக்கலாம். ஜனவரி, ஜூலை என வருடத்தில் இரண்டு முறை சேர்க்கை. பிடித்துப்போனால் அங்கேயே எம்.ஏ. கல்விக்குப் போகலாம். கூடவே, டெல்லியில் நீபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. அவர்களுடைய இணையவழிப் பாடத்தை ஒரு விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம். வேறு எந்தத் தொலைநிலைப் படிப்பையும், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த வருடம் அனுமதித்த பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கனடாத் தோழிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அங்கே அந்தப் படிப்புகளுக்கு வேறு தேவை இருக்கிறது. ஒண்டாரியோ மாகாணத்தில் தலைமையாசிரியர் ஆக வேண்டுமென்றால் ஐந்து வருட ஆசிரியப் பணியோடு, அதற்கென்றே வகுத்த தகுதிப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். அந்த ஊர்ச் சட்டத்தையும் பள்ளி வாரியத்தையும் மனதில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு உங்கள் சேமிப்பைக் கொட்ட வேண்டுமா? அங்கேயே குடியேறும் எண்ணம் இருந்தால் எழுதுங்கள், அது வேறு பேச்சு.

சேருவதற்கு முன் தாளாளர் வழியாகத் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் படித்துவிட்டுப் பணிப்பதிவேட்டில் ஏற்ற அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் ஆய்வேடோ செயல்திட்டமோ எழுதச் சொல்வார்கள். அதற்கான தலைப்பை வெளியே எங்கும் தேடாதீர்கள். உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள், வாசிக்காதவர்களுக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். இந்த மாதமே தமிழாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பீரியட் பின்பெஞ்சில் உட்காருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்குக் கடிதம் போடுங்கள், காத்திருக்கிறேன்.