எலி, மூஞ்சூறு மேல் இருக்கும் உண்ணியால் மனிதருக்குக் காய்ச்சல் வருமா?

வரும், ஆனால் எலி மேலிருந்து நேராக இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கோ நாலைந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை, கொல்லையில் பெருச்சாளி வளை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் பக்கம் உண்ணிக்காய்ச்சல் என்பது ஸ்க்ரப் டைபஸ். பெயரைக் கேட்டு நாயைச் சந்தேகிக்காதீர்கள். நாங்கள் சந்தேகித்தோம்.

எங்களுக்கு ராணிப்பேட்டை பக்கம் ஒரு கிராமம். 2019 ஐப்பசியில், மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்வந்த அம்மாவுக்குக் காய்ச்சல். முதலில் போன இடத்தில் வைடால் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து டைபாய்டு என்றார்கள். ஐந்து நாள் ஊசி போட்டும் இறங்கவில்லை. ஏழாம் நாள் மூச்சு வாங்கியது. வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே உடை மாற்றிவிட்ட நர்ஸ்தான், "அம்மா, அக்குள்ல எப்ப சுட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டார். பீடி நெருப்புப் பட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியே இல்லாததால் அம்மாவுக்கே தெரியவில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்குள் சித்தப்பா பேச்சைக் கேட்டு நாயை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தோம்.

கடிப்பது நாய் உண்ணி இல்லை. கால் மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. எலி, பெருச்சாளி, மூஞ்சூறுக்காகப் புல்லில் காத்திருக்கும். குறுக்கே போய் நாம் மாட்டிக்கொள்கிறோம். அது வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கடிக்கும், அப்புறம் மண்ணில் பூச்சி முட்டை தின்று வளரும். அதனால் எலியைக் கடித்துவிட்டு நம்மிடம் வருவதில்லை. கிருமி தாயிடமிருந்தே முட்டை வழியாக வந்துவிடுகிறது. உடனே "எலிக்கு வக்காலத்தா" என்று யாரும் கிளம்ப வேண்டாம். எலி பெருகினால் இதுவும் பெருகும், புதருக்குப் புதர் சுமந்துபோவதும் எலிதான்.

நான் மருத்துவர் இல்லை. டைபாய்டு என்றவரையும் குறை சொல்லவில்லை, தொடக்கத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். (சரி, கொஞ்சம் குறைதான்.) சிற்றுண்ணி கடித்த இடத்தில் வரும் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பாருங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதால், புதர்ப் பக்கம் போனதை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. வாங்கிப் போட்டவர் வெளியூர்க்காரர். உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். போன் செய்தால் "அடுத்த மாசம் ஆள் அனுப்பறேன் சார்" என்பார். போன மாதம் நிஜமாகவே ஆள் வந்தது. சுற்றிலும் கல் நட்டுக் கம்பி வேலி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். புதர் பத்திரமாக உள்ளே இருக்கிறது.