கராஜ் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, அப்பாவின் பழைய பெட்போர்ட் லொறியைத் திருத்தி எடுக்கிறேன். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்கு ஓடிய லொறி. தகர வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. புதுப் பெயின்ற் பளபளவென்று இருந்தால் அது அப்பாவின் லொறியாகவே தெரியாது என்று அம்மா சொல்கிறா. பழசாகவே தெரியும்படி அடிக்க முடியுமா? மிச்சமுள்ள கறளை (துருவை) அப்படியே விட்டு, மேலே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சை அடித்தால் போதும் என்கிறார்கள் சிலர். (கொடிகாமம் வாசகர்)

பதில்: அம்மா சொல்வது சரி, தம்பி. அடிக்கலாம். ஆனால் கறளை விட்டுக் கிளியர் அடிக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. கிளியருக்கு அடியில் அடைபட்ட ஈரமும் உப்பும் தகரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு மாரி கழிந்ததும் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கறளை முழுக்கச் சுரண்டி, வெறும் தகரத்துக்கு எபொக்சி பிறைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். கண்ணுக்குத் தெரியப்போகும் கறள் எல்லாம் பெயின்றாகவே இருக்கட்டும்.

பிறைமருக்கு மேலே காவி நிறம். அது காய்ந்ததும் கடும் கபிலத்தையும் செம்மஞ்சளையும் கடற்பஞ்சால் அங்கங்கே ஒற்றுங்கள். உண்மையான கறள் ஒருபோதும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. அதன் மேலேதான் லொறியின் சொந்த நிறம் வரும். அந்த நிறத்தை ஞாபகத்தில் தேடாதீர்கள். கதவுப் பிணைச்சலின் பின்பக்கத்தையும் டாஷ்போர்டின் அடியையும் பாருங்கள். வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். அங்கே ஒரு சதக் காசளவு இடத்தை மெதுவாகத் தேயுங்கள். தொண்ணூறுகளில் சாமான் வராத காலத்தில் வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமலைத் தூரிகையால் லொறிக்கு அடித்தவன் நான். உங்கள் லொறியிலும் அப்படி இரண்டு மூன்று படை இருந்தால், வளையம் வளையமாகத் தெரியும். அதே ஒழுங்கில் மெல்லிய படைகளாக அடியுங்கள். தேய்க்கும்போது அந்த லொறியின் வயது தானாக வெளியே வரும்.

இனித்தான் முக்கியமான வேலை. 600 நம்பர் வாட்டர் பேப்பரும் (ஈரத்தில் தேய்க்கும் கடதாசி) தண்ணீரும் எடுத்துக்கொண்டு, தேய்க்கத் தொடங்க முதல் அம்மாவிடம் போய்க் கேளுங்கள். அப்பா எந்தக் கையை எங்கே வைத்து ஓட்டினார்? வலப்பக்கக் கதவின் மேல் விளிம்பில் முழங்கை ஊன்றிய இடம் தகரம் வரை தேய்ந்திருக்கும். ஏறி இறங்கும் மிதிபலகை, கைபிடியைச் சுற்றிய இடம், பொனற்றைத் தூக்கும் விளிம்பு, சாக்கு உரசிய பின்கதவு, சக்கரத்துக்குப் பின்னால் கல் தெறித்த இடம், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. கூரையும் பொனற்றும் வெயிலில் வெளிறும். பக்கங்கள் அவ்வளவு வெளிறாது. கறள் வடிந்த கோடு மழைத்தண்ணீர் போகும் வழியில் நேரே கீழே இறங்க வேண்டும். காரணமில்லாமல் தேய்த்த ஓர் இடம் இருந்தால் போதும், லொறி ஓட்டிய எவரும் கண்டுபிடித்துவிடுவார்.

கதவில் பெயர் எழுதியிருந்ததா? ஸ்டிக்கர் வேண்டாம். கையால் எழுதும் ஒருவரைக் கொண்டு முழுதாக எழுதுவித்து, காய்ந்த பின் அதே பேப்பரால் மெல்லத் தேயுங்கள்.

கல்லுப்பைத் தூவி மேலே பெயின்ற் அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிடும் முறையும் இருக்கிறது. பெயின்ற் உதிர்ந்ததுபோல அழகாக வரும். நானும் ஒரு பிக்கப்புக்குச் செய்தேன். கூரை விளிம்புக்குள் சிக்கிய உப்பைக் கழுவாமல் விட்டுவிட்டேன். அடுத்த மாரியில் அங்கே உண்மையான கறளே வந்தது. சொந்தக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் முழுவதையும் திரும்பச் செய்து கொடுத்தேன். நீங்கள் தேய்த்தே செய்யுங்கள்.

கடைசியில் மினுக்கம் இல்லாத மற் கிளியர், இரண்டு கை. மினுங்கும் கிளியர் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். இறுகவைக்கும் ஹார்ட்னர் கலக்கும் கிளியரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். துணி கட்டினால் போதாது. பெயின்ற் வேலைக்கான வடிகட்டி முகமூடி கட்டாயம். மாரி ஈரத்தில் கிளியர் வெளுத்துப்போகும், மாசி பங்குனி வரை பொறுங்கள்.

கேள்வி: கிளியருக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பூசலாமா? (சண்டிலிப்பாய் வாசகர்)

பதில்: வீட்டுக்குள் வைக்கும் சிறு சாமானுக்குப் பூசலாம். ஓடும் வாகனத்துக்கு வேண்டாம். காயும் வரை ஒட்டும், நம் செம்மண் தூசி முழுக்க அதில் படியும். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகே எறியுங்கள்.