திரும்பி வராதவர்கள்

வணக்கம் சார்,

சேலத்தில் நன்னடத்தை அலுவலராக இருக்கிறேன். பதினொரு வருஷம் ஆகிறது. போன மாதம், கோர்ட் சிறைக்கு அனுப்பாமல் என் கண்காணிப்பில் விட்டிருந்த பையன் மறுபடியும் திருட்டு வழக்கில் மாட்டினான். போன் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றால் அழுதிருப்பேன். இப்போது வீட்டில் மகள் பேசுவதுகூடப் பாதிதான் காதில் விழுகிறது. நான் கல்லாகிவிட்டேனா? பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள நண்பருக்கு,

கை கழுவியதை ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கல்லுக்கு அது நினைவிருக்காது.

உங்கள் வேலையை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர், அவரும் நன்னடத்தை அலுவலர், வீட்டு விசாரணைக்காக ஏற்காடு போனபோது கூடப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அப்புறம் காப்பித் தோட்டம் வழியாக நடை. வாசலில் தார்ப்பாயில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. பையனின் அம்மா கடுங்காப்பி கொடுத்தார். யாரோடு சுற்றுகிறான், வேலைக்குப் போவானா என்று நண்பர் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த அம்மா ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையிறங்கும்போது பாதி வழிவரை நண்பர் வாய் திறக்கவில்லை. பிறகு, "அந்தம்மா கண்ணு எங்க இருந்துச்சு, பாத்தீங்களா?" என்றார்.

அந்தப் பேனாவின் கனம் வெளியே யாருக்கும் தெரியாது. 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் பொதுவாக உங்கள் அறிக்கையைக் கேட்டாக வேண்டும். சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டால் அதிகபட்சம் 3 ஆண்டு. அதுவரை அவனைக் கண்காணிப்பதும் நீங்கள்தான், அவனுக்கு வேலை தேடிக் கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான். நெஞ்சில் இருப்பதை அவன் உங்களிடம் சொல்லவும் வேண்டும், உங்களுக்குப் பயப்படவும் வேண்டும். ஒரே ஆள் இரண்டாகவும் இருப்பது லேசான காரியமா?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பிணைக்காலத்தை ஒழுங்காக முடித்தவன் உங்களைத் தேடி வருவதில்லை. அவன் கோப்பு மூடப்படுகிறது, அவன் எங்கோ லேத் பட்டறையிலோ ஜவுளிக் கடையிலோ பிழைத்துக்கொள்கிறான். தவறியவன் மட்டும்தான் மறுபடி உங்கள் மேஜைக்கு வருகிறான். பதினொரு வருஷமாகத் தோற்றவர்களை மட்டுமே பார்த்தால் எந்த மனசும் மரத்துத்தான் போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு பணிச்சோர்வை நோய்களில் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்டகால அழுத்தத்தால் வருவது என்கிறது. அசதி, வேலைமேல் விலகல், நம்மால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் இருக்கின்றன. இது உங்கள் குணக்கேடு இல்லை. உங்கள் மனநிலையை உட்கார்ந்து கேட்க அலுவலகத்தில் ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். அதைத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அதுவரை சக அலுவலர் இரண்டு பேரோடு மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுங்கள். தூக்கம் கெட்டால், மகளிடம் எரிந்து விழுந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். பழைய பதிவேட்டைப் புரட்டி, பிணையை முடித்துவிட்டுத் திரும்பி வராதவர்களை ஒவ்வொருவராக அதில் எழுதுங்கள். எழுதியதும் எனக்கு ஒரு வரி போடுங்கள். பெயர்கள் வேண்டாம், எத்தனை பேர் என்று மட்டும் சொன்னால் போதும்.