கூரை போட வேண்டியது மூன்று ஷாட்டுக்குத்தான்

கேள்வி: தங்கச்சிமடத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். தனுஷ்கோடி பற்றி 20 நிமிட ஆவணப்படம் ஒன்றை பிரீமியர் புரோவில் எடிட் செய்திருக்கிறேன். இடிந்த தேவாலயத்துக்கு, 1964 புயலுக்கு முன்பு இருந்ததுபோல, மூன்று ஷாட்டில் கூரை போட்டுக் காட்ட வேண்டும். சென்னை நண்பர் ஒருவர் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் கிராஃபிக்ஸ் பகுதியான ஃபியூஷனில் செய்து தருவதாகச் சொன்னார். எக்ஸ்எம்எல் அனுப்பினேன். அங்கே பாதி கிளிப் 'மீடியா ஆஃப்லைன்', சில கிளிப் இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி நிற்கிறது, கலரும் போய்விட்டது. புராஜெக்ட்டை முழுசாக அனுப்ப என்ன வழி?

பதில்: முழுசாக அனுப்ப வழி இல்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை. மீன் கேட்டவருக்கு வத்தைப் படகையே கட்டி இழுத்துப் போய்க் கொடுத்திருக்கிறீர்கள்.

எக்ஸ்எம்எல் வெறும் குறிப்புச் சீட்டு. எந்த ஃபைல், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த டிராக்கில் இருக்கிறது என்பதுதான் அதில் இருக்கும். படம் இருக்காது. உங்கள் டிரைவின் பாதை அவர் கணினியில் இல்லாததால் ஆஃப்லைன் காட்டியது. கட், சாதாரண டிசால்வ், அளவு, இடம் போன்றவை பெரும்பாலும் போய்ச் சேரும். பிரீமியரில் போட்ட லுமெட்ரி கலர், ஆட்டத்தை நிறுத்தும் வார்ப் ஸ்டெபிலைசர், டைட்டில், வெளி பிளக்இன் எதுவும் சேராது. ஃபிரேம் தள்ளியதற்கு என் சந்தேகம் ஃபோன் கிளிப்கள் மேல். ஃபோன் ஒரே வேகத்தில் பதிவதில்லை, அதை ஒவ்வொரு மென்பொருளும் தன் கணக்கில் எண்ணும்.

சரி, அந்த மூன்று ஷாட்டை மட்டும் தனியே எடுப்போம். சீக்வென்ஸை ஒரு நகல் எடுத்து, அந்த ஷாட்களில் போட்ட கலர், ஜூம், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்டெபிலைசரை எடுக்கத்தான் பலருக்கு மனசு வராது. கச்சான் காற்று வீசும் நாளில் தனுஷ்கோடி மணலில் டிரைபாட் எப்படி ஆடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கூரை சுவரோடு ஒட்டி நிற்க, கேமரா உண்மையில் எப்படி ஆடியது என்று, அசைவைக் கணக்கிடும் டிராக்கருக்குத் தெரிய வேண்டும். ஸ்டெபிலைசர் படத்தை வளைத்து அந்தத் தடயத்தை அழித்துவிடும். கூரை போட்டு வந்த பிறகு ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

30 ஃபிரேமில் எடுத்த ஃபோன் கிளிப் 25 டைம்லைனில் கிடந்தால் விநாடிக்கு 5 ஃபிரேம் உதிரும், அசைவு துள்ளும். இந்த மூன்றுக்காவது கேமராவில் 25-இல் எடுத்தது இருந்தால் அதையே வையுங்கள்.

அப்புறம் ஹேண்டில். கட்டுக்கு முன்னும் பின்னும் 12 ஃபிரேம் கூடுதலாக விடுங்கள். டிசால்வ் இருந்தால் அது முடிகிற இடத்திலிருந்து 12 எண்ண வேண்டும். இதை மறந்து நானே ஒரு ஷாட்டை இரண்டு தடவை செய்ய வைத்திருக்கிறேன். திட்டு வாங்கியதும் உண்டு.

ஃபார்மட்டுக்கு, தரம் அதிகம் குறையாமல் சுருக்கும் புரோரெஸ் 422 ஹெச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் போதும். 4கே-யில் 4 விநாடி ஷாட், ஹேண்டிலோடு, புரோரெஸில் அரை ஜிபிக்குள் அடங்கும். அதையே ஃபிரேமுக்கு ஒரு ஃபைலாக, சுருக்காத இஎக்ஸ்ஆர் படங்களாக எடுத்தால் 6 ஜிபி. தீவிலிருந்து அதை அப்லோட் செய்து பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. லாகில் (பிறகு கலர் செய்ய வசதியாக, வெளிறிப் பதியும் முறை) எடுத்திருந்தால் லாகாகவே அனுப்புங்கள், அதன் கலரை மாற்றிக் காட்டும் லுட் ஃபைல் தனியாகப் போகட்டும். எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று ஒரு வரி எழுதுங்கள். ஓடும் டைம்கோடு பதித்த சின்ன எம்பி4 ஒன்றும் வையுங்கள்; ஷாட் படத்தில் எங்கே வருகிறது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

திரும்பி வருவது அதே அளவில், அதே ஃபிரேம் எண்ணிக்கையில், ஹேண்டிலோடு வர வேண்டும். பெயரின் கடைசியில் வி01, வி02 என்று பதிப்பு எண் இருக்கட்டும். 'ஃபைனல்' என்று பெயர் வைப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஒரு ஷாட்டை அனுப்பி, எதையும் தொடாமல் அப்படியே ரெண்டர் செய்து திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அதை நீங்கள் அனுப்பிய ஷாட்டின் மேல் டிராக்கில் வைத்து, பிளெண்ட் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்குங்கள். திரை முழுக்கக் கறுப்பானால் இரண்டும் ஒன்று. சுவர் ஓரங்களில் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஃபிரேம் தள்ளியிருக்கிறது. மொத்தமாகச் சாம்பல் பூத்தால் கலர் அமைப்பில் கோளாறு. அதைச் சரிசெய்த பிறகு கூரை வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.