தக்காளி லாரியும் சரக்கு ராக்கெட்டும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அண்டாரெஸ் ராக்கெட் விழுந்த கதையை எழுதியிருந்தேன். 2014 அக்டோபர் 28 மாலை, அமெரிக்காவில் வர்ஜீனியா கடற்கரையில் இருக்கும் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிய ராக்கெட் அது. கிளம்பிப் பதினைந்து விநாடியில் அடிப்பக்கம் வெடித்து, மேலே போக முடியாமல் நின்று, தளத்தின் பக்கத்திலேயே விழுந்து எரிந்துபோனது. நமக்கு அது மறுநாள் விடியற்காலை, நாலு மணி இருக்கும். அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள் என்றும் எழுதியிருந்தேன். பார்த்துவிட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லை, எடுத்த வரைக்கும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது படிக்கிற என் மகன் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. வீட்டில் பெரியவர்கள், "பட்டாசு வெடிச்ச மாதிரி வெடிச்சுப் போச்சு, விடுடா" என்று சிரித்தார்கள். அவனுக்கு நான் என்ன சொல்வது ஐயா? (பென்னாகரத்திலிருந்து ஒரு தாய்)

முதலில், சாப்பிடச் சொல்லுங்கள். அப்புறம், அவன் வருத்தப்பட்டது சரிதான் என்று சொல்லுங்கள். "தோல்விதான் வெற்றிக்கு முதல் படி" என்று உடனே ஆரம்பிக்காதீர்கள் அம்மா, அந்த நேரத்தில் அது காதில் ஏறாது. 2010 டிசம்பர் 25 அன்று நம்முடைய ஜி.எஸ்.எல்.வி. எஃப்06 கிளம்பி ஒரு நிமிடம்கூட ஒழுங்காகப் போகாமல் வானத்தில் சிதறியதை நான் டிவியில் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள், எனக்கு எதுவும் ஒட்டவில்லை. என்னைத் தேற்றியது, கொஞ்ச நாள் கழித்துக் காரணம் வெளியே வந்ததுதான். மேலே இருக்கிற கணினியிலிருந்து கீழே இருக்கிற பூஸ்டர்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் இணைப்பான்கள் பறக்கும்போதே கழன்றுவிட்டன, கட்டளை வராததால் ராக்கெட் திசை தவறிவிட்டது என்றார்கள். அதைப் படித்த பிறகுதான் என் மனசில் அது வெறும் தீப்பிழம்பாக இல்லாமல், சரி செய்யக்கூடிய ஒரு பொருளாக மாறியது. நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது மிகவும் குளிரவைத்த திரவ எரிபொருளில் ஓடும் எஞ்சின், வைத்த ஜி.எஸ்.எல்.வி. 2014 ஜனவரி 5 அன்று ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

உங்கள் மகனை அந்தக் காரணம் வரைக்கும் கூட்டிப்போங்கள். அண்டாரெஸில் இருந்த எஞ்சின்கள் 1970களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியம் தன் நிலவு ராக்கெட்டுக்காகச் செய்தவை. அந்த நிலவுத் திட்டம் நின்றுபோக, எஞ்சின்கள் ரொம்ப காலம் கிடங்கில் கிடந்தன. பின்னால் அமெரிக்க நிறுவனம் ஒன்று வாங்கி, புதுப்பித்து, அண்டாரெஸில் பொருத்தியது. அந்த நாளில் ஒரு எஞ்சினில் திரவ ஆக்சிஜனைத் தள்ளுகிற பம்ப் தீப்பிடித்து வெடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பழைய எஞ்சின்களையே விட்டுவிட்டு, புது எஞ்சின் மாட்டி, 2016 அக்டோபர் 17 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள். அந்தக் காணொளியும் இருக்கிறதா என்று அவனைத் தேடச் சொல்லுங்கள். ரெண்டையும் பார்த்தால்தான் கதை முழுசு.

நான் பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு அனுப்புகிறவன். வண்டி கவிழ்ந்தால் சரக்கு போச்சு, ஆனால் மறுநாள் வேறு வண்டி போகும். ராக்கெட் கவிழ்ந்தால் மேலே இருக்கிறவர்கள் பட்டினியா?

இல்லை. நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடந்தது. மறுநாளே, அக்டோபர் 29 அன்று, கஜகஸ்தானில் உள்ள பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் புரோகிரஸ் சரக்குக் கலம் கிளம்பி, ஆறு மணி நேரத்தில் நிலையத்தோடு சேர்ந்துவிட்டது. அது முன்பே தேதி குறித்து வைத்திருந்த பயணம், அவசரத்துக்கு அனுப்பியது அல்ல. ஒரே வண்டியை நம்பாமல் வேறு வேறு நாட்டு வண்டிகள் ஓடுவதால்தான் இது முடிகிறது. அதோடு, நிலையத்தில் எப்போதும் பல மாதத்துக்கான சாப்பாடு இருப்பு இருக்கும்.

ஆனால் வண்டியில் என்ன போனது என்று கேட்டால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது. மொத்தம் 2,200 கிலோவுக்கு மேல். அதில் சாப்பாடு, துணிமணி மாதிரி ஆட்களுக்கானவை 750 கிலோ அளவு, ஆராய்ச்சிப் பொருள் 700 கிலோவுக்கு மேல். பள்ளி மாணவர்கள் செய்து அனுப்பிய சின்னச் சின்னச் சோதனைகளும், ஷூ பெட்டி அளவுள்ள 26 படம்பிடிக்கும் செயற்கைக்கோள்களும் அதிலேயே போய்விட்டன. சாப்பாட்டுக்கு மாற்று வண்டி உண்டு. ஒரு பிள்ளை இரண்டு வருஷமாக உட்கார்ந்து செய்த சோதனைக்கு மாற்று வண்டி கிடையாது, அந்தப் பிள்ளையே மறுபடி செய்ய வேண்டும். நிறைய பேர் மறுபடி செய்தார்கள், 2015 ஜனவரியில் வேறு ராக்கெட்டில் அவை மேலே போயின.

ஓசூரில் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். 2015இல் ஃபால்கன் 9 சரக்கு ராக்கெட் ஒரு கம்பி உடைந்ததால் போனது என்று கேள்விப்பட்டேன். உண்மையா? ஒரு கம்பிக்கா?

உண்மைதான் தம்பி, இந்தக் கேள்வியை உங்களை மாதிரி ஒருவர் கேட்பார் என்றுதான் காத்திருந்தேன். 2015 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. கிளம்பி 139 விநாடி வரை எல்லாம் ஒழுங்கு. திடீரென்று மேல் அடுக்கு பிளந்து, ராக்கெட் வெண்புகையாகச் சிதறியது.

இதைப் புரிந்துகொள்ளக் கிணற்றடிக்கு வாருங்கள். வாயை இறுக மூடிய காலிக் குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால், அது மேலே வரத்தான் பார்க்கும், கை வலிக்கும். ஃபால்கனின் மேல் அடுக்கில், திரவ ஆக்சிஜன் தொட்டிக்குள்ளேயே ஹீலியம் அடைத்த சிலிண்டர்கள் முழுகி நிற்கும். அவை மேலே எழும்பாமல் கம்பிகள் பிடித்து வைத்திருக்கும். தரையில் நிற்கும்போது அந்த உந்தல் ஓரளவுதான். ராக்கெட் வேகம் பிடிக்கப் பிடிக்கத் தொட்டிக்குள் இருக்கிற திரவத்தின் எடை கூடியது மாதிரி ஆகிவிடும், புவியீர்ப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். எடை கூடக் கூட குடம் மேலே வரத் துடிப்பதும் அதே அளவு கூடும். அந்த நேரத்தில் ஒரு கம்பி விட்டுவிட்டது. சிலிண்டர் பிய்த்துக்கொண்டு மேலே போக, ஹீலியம் வெளியேறித் தொட்டியில் அழுத்தம் ஏறி, தொட்டி வெடித்தது.

ராக்கெட்டைச் செய்த ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் சொன்ன கணக்குப்படி அந்தக் கம்பி 10,000 பவுண்டு விசையைத் தாங்க வேண்டியது, அதாவது சுமார் 4,500 கிலோ. உடைந்தது 2,000 பவுண்டு அளவிலேயே. பொருள் மோசம் என்று நிறுவனம் சொன்னது. நாசாவின் தனிக் குழு விசாரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னது: கம்பியின் முனையில் போட்டது விமானத் தரத்து உருப்படி அல்ல, சாதாரணத் தொழிற்சாலைத் தரத்தில் வார்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதைப் போடும்போது நாலு மடங்கு பாதுகாப்பு விட்டுப் போட வேண்டும் என்று தயாரித்தவர் சொல்லியிருந்ததையும் பின்பற்றவில்லை. எந்த கிரேடு எங்கே போட வேண்டும், எவ்வளவு மார்ஜின் விட வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் தினமும் கேஜ் வைத்துப் பார்க்கிற வேலையும் அந்தக் கம்பியைத் தேர்ந்தெடுத்த வேலையும் ஒரே வேலைதான். அதை யாராவது சின்ன வேலை என்று சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எனக்கு மறக்கவே முடியாத விஷயம் ஒன்று. ராக்கெட் சிதறிய பிறகும் உச்சியில் இருந்த டிராகன் சரக்குக் கலம் உடையாமல் தனியாக விழுந்துகொண்டிருந்தது. அதில் பாராசூட் இருந்தது. ஆனால் இப்படி ஒரு நேரத்தில் பாராசூட்டை விரி என்று மென்பொருளில் யாரும் எழுதி வைக்கவில்லை. விரிந்திருந்தால் சரக்கு பிழைத்திருக்கும். பிறகு அதையும் எழுதிச் சேர்த்தார்கள்.

2014 அக்டோபர் 28 அண்டாரெஸ், 2015 ஏப்ரல் 28 புரோகிரஸ், 2015 ஜூன் 28 ஃபால்கன். எட்டு மாதத்தில் மூன்று சரக்குப் பயணம் கெட்டது, மூன்றும் 28ஆம் தேதி! நாள் சரியில்லை என்று சொன்னால் கோபப்படுவீர்களா? (காரிமங்கலம் வாசகர்)

கோபம் எதற்கு, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஆனால் இன்னும் மூன்று 28ஐயும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரல் 28 அன்று நம் பி.எஸ்.எல்.வி. ஒரே தடவையில் 10 செயற்கைக்கோளை மேலே வைத்தது. 2015 செப்டம்பர் 28 அன்று விண்வெளியை ஆராயும் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் போனது. 2016 ஏப்ரல் 28 அன்று, ஜி.பி.எஸ். மாதிரி வழிகாட்டும் நம் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். வரிசையின் ஏழாவது செயற்கைக்கோள் போனது. மூன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, மூன்றும் வெற்றி. நீங்கள் எழுதிய மூன்றிலும் காரணம் வேறு வேறு: ஒன்றில் பம்ப், ஒன்றில் கலம் ராக்கெட்டிலிருந்து பிரிகிற நேரத்தில் வந்த கோளாறு, ஒன்றில் கம்பி. நாள் சரியில்லை என்று விட்டுவிட்டால், பம்பையும் கம்பியையும் யாரும் தேடப்போக மாட்டார்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

திசை தவறிய ராக்கெட்டை அவர்களே வெடிக்க வைப்பார்களாமே? கோடிக்கணக்கான பணத்தை நாமே கொளுத்துவதா? (அரூர்)

ஆமாம், வெடிக்க வைப்பார்கள். அதற்கென்று ஒரு அதிகாரி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ராக்கெட் ஊர்ப்பக்கம் திரும்பினால் யாரையும் கேட்க நேரமில்லை. அண்டாரெஸ் தரையில் மோதுவதற்குச் சற்று முன் அந்தக் கட்டளை போனது. ஒருவருக்கும் காயம் இல்லை. முந்தைய நாள் ஏவுதலே, தடை செய்த கடல் பகுதிக்குள் ஒரு படகு வந்துவிட்டதால்தான் தள்ளிப்போனது. ஒரு படகுக்காக ஒரு நாளைத் தள்ளிவைக்கிறவர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சார், நான் ஊத்தங்கரை பக்கம் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறேன். நம்ம ஊர்ப் பிள்ளைகள் செய்த பொருள் இப்படி ராக்கெட்டோடு போனது உண்டா?

உண்டு கண்ணு. 2022 ஆகஸ்ட் 7, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். இஸ்ரோவின் சின்ன ராக்கெட் எஸ்.எஸ்.எல்.வி. முதல் தடவை கிளம்பியது. அதில் ஆசாதிசாட் என்று எட்டு கிலோ செயற்கைக்கோள் ஒன்று. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் அதற்குள் வைக்கும் சின்னக் கருவிகளைச் செய்தார்கள், மதுரை திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு.

ராக்கெட் நன்றாகத்தான் போனது. இரண்டாவது அடுக்கு பிரியும்போது ஒரு அதிர்வு, கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதற்குள் வேகமாற்றத்தை அளக்கும் கருவிகள் எல்லாம் கெட்டுவிட்டன என்று கணினி தப்பாக முடிவு செய்து, மாற்று வழிக்குப் போய்விட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை இறங்குகிற பாதைக்குப் போனது. அவ்வளவு கீழே காற்று இருக்கிறது, அங்கே எதுவும் தங்காது. அன்றே எல்லாம் போய்விட்டது.

அந்தப் பிள்ளைகள் அன்று எப்படி வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஆனால் இஸ்ரோ அந்த அடுக்கு பிரிகிற முறையையே மாற்றியது, கணினி அவசரப்பட்டு முடிவெடுக்காதபடி காத்திருக்கும் நேரத்தையும் கூட்டியது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. போனபோது, ஆசாதிசாட்-2 அதில் இருந்தது. ஆறே மாதம்! உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இதைப் படித்துக் காட்டு, அடுத்த தடவை இப்படி ஒரு திட்டம் வரும்போது உங்கள் பள்ளியும் எழுதிப் போடட்டும்.

வாலப்ஸ் என்ற பெயரை எங்கோ படித்த ஞாபகம். நமக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு உண்டா? (கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

உண்டு ஐயா. 1960களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அங்கே போன அப்துல் கலாம், வரவேற்பறையில் ஒரு ஓவியத்தைப் பார்த்ததாகத் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர் மீது ராக்கெட் விடுகிற காட்சி. நீங்கள் இருக்கிற கிருஷ்ணகிரியும் நாங்கள் இருக்கிற தர்மபுரியும் சேர்ந்த பாரமகால், 1792 வரை அந்த மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்த அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். அண்டாரெஸ் எரிந்து விழுந்த அதே வாலப்ஸ்தான் அது.

ஏவுதலை நேரில் பார்க்க எங்களை மாதிரி ஆட்கள் போக முடியுமா? (தேன்கனிக்கோட்டை நண்பர்கள்)

தாராளமாக. ஸ்ரீஹரிகோட்டாவில் 2019இலிருந்து பொதுமக்களுக்கென்றே பார்வையாளர் மாடம் இருக்கிறது. ஏவுதலுக்குச் சில நாள் முன்பு இஸ்ரோ இணையத்தில் பதிவைத் திறக்கும், இடம் வேகமாக நிரம்பிவிடும். அடையாள அட்டை அவசியம். சென்னைக்குப் போய், அங்கிருந்து சூளூர்ப்பேட்டைக்கு ரயில் பிடியுங்கள், மீதி தூரம் சாலையில். திரும்பும் டிக்கெட்டை மட்டும் அன்று இரவுக்கே போட்டுவிடாதீர்கள். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி. கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது எரிபொருள் கசிவைக் கண்டுபிடித்து நிறுத்தினார்கள், அதுதான் நாலரை மாதம் கழித்து 2014 ஜனவரியில் ஜெயித்த ராக்கெட். ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிற மாதிரி போங்கள், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள்.