அடர்ந்த புதர்க்காட்டில் கடமான் வேட்டை: ரைபிளும் தோட்டாவும் குறித்த கேள்வி பதில்

கோலாலம்பூரில் வாழ்ந்தாலும், உறவினரைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குச் செல்லும்போதெல்லாம் அங்குள்ள மலைக்காடுகளில் கடமான் வேட்டைக்குப் போய்வருபவன் என்ற முறையில், நம் குழு அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். தீபகற்ப மலேசியாவில் கடமான் வேட்டை 2009-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. மிகச் சிலவே எஞ்சியிருக்கும் நம் மலாயாப் புலிக்கு அது முதன்மையான இரை என்பதால், அந்தத் தடை எனக்கு முழு உடன்பாடு. விக்டோரியாவிலோ அது 1860-களில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிய விலங்கு. எனவே, வேறு இடம் என்று குறிப்பிடாதவரை, கீழே உள்ளவை விக்டோரியா காடுகளுக்கு உரியவை.

செராஸ் அன்பர்: புதர்க்காட்டுக்குக் கனமான, மெதுவாகச் செல்லும் குண்டுதான் ஏற்றது, அது சுள்ளிகளை முறித்துக்கொண்டு நேராகப் போகும் என்கிறார் மெல்பர்னில் இருக்கும் என் மாமா. .45-70 என்ற தோட்டாவைச் சுடும் ரைபிளை வாங்கச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா, ஐயா?

தங்கள் மாமா சொல்வது பல தலைமுறைகளாக வேட்டைக்காரர்கள் நம்பிவரும் ஒன்று. ஆனால் அதை நம்பி விசையை அழுத்துவது விலங்குக்குச் செய்யும் கொடுமை. சுள்ளியில் பட்டால் விலகாத குண்டு எந்தக் காலிபரிலும், அதாவது எந்தக் குண்டு விட்டத்திலும், கிடையாது. உட்புற வரிப்பள்ளங்கள் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கிச் செல்லும் குழலிலிருந்து புறப்படும் .308 குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,700 முறை சுழன்றுகொண்டு போகிறது. அந்தச் சுழற்சிதான் அதன் மூக்கை முன்னோக்கியே நிறுத்துகிறது. விரல் பருமனுள்ள கிளை ஒன்று அதன் மூக்கை ஒரு பக்கமாகத் தட்டிவிட்டால், குண்டு தள்ளாடத் தொடங்குகிறது, சில வேளை உருக்குலைகிறது, பாதையும் மாறுகிறது. கனமான, தட்டை மூக்குக் குண்டு சராசரியாகச் சற்றுக் குறைவாக விலகலாம் என்பது உண்மையே. ஆனால் அந்த வேறுபாடு நம்பிச் சுடத்தக்க அளவினது அன்று.

கிளை எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய செய்தி. குண்டு ஒரே ஒரு பாகை விலகியதாக வைத்துக்கொள்வோம். கிளைக்கு ஒரு மீட்டர் பின்னால் மான் நின்றால் குறி இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே தப்பும். இருபது மீட்டர் பின்னால் நின்றால் முப்பத்தைந்து சென்டிமீட்டர் தப்பும். நெஞ்சுக்குக் குறி வைத்தது வயிற்றில் போய்ப் பாயும். வயிற்றில் காயம்பட்ட மான் ஓடையோரப் புதருக்குள் புகுந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ஆகவே புதரைத் துளைக்கும் துப்பாக்கியைத் தேடாமல், இடைவெளி கண்ணில் பட்ட அந்த ஓரிரு நொடிக்குள் தோளுக்கு வந்து குறியில் நிற்கும் துப்பாக்கியைத் தேடுங்கள். இடைவெளி இல்லையென்றால் சுடாமல் காத்திருங்கள்.

.45-70 கெட்ட தோட்டா அன்று. 1873-இல் அமெரிக்கப் படைக்காகப் பிறந்த அது, நெருங்கிய தொலைவில் இன்றும் வலுவாக வேலை செய்கிறது. அதை அதன் வலுவுக்காக வாங்கலாம். சுள்ளியை வெட்டும் என்பதற்காக வாங்க வேண்டாம்.

காஜாங் அன்பர்: .30-30, .308, .270 ஆகிய மூன்று தோட்டாக்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? கடைக்காரர் மூன்றும் ஒன்றுதான் என்றாராம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். விக்டோரியாவில் கடமானுக்குக் குறைந்தபட்சக் காலிபர் .270, குண்டின் எடை 130 கிரெய்னுக்கு (ஏறத்தாழ 8.4 கிராம்) குறையக் கூடாது. மூன்றுமே அந்த வரம்புக்குள் வருகின்றன. வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும் விலங்கு என்பதால், சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படியில் நிற்பதைவிட அதற்கு ஒரு படி மேலே நிற்பதையே நான் விரும்புவேன்.

1895-இல் வந்த .30-30, ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள 170 கிரெய்ன் குண்டை நொடிக்கு சுமார் 670 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. எண்பது, நூறு மீட்டருக்குள் அது போதுமானது. லேசான ரைபிளில் கிடைக்கிறது. தோளை வருத்துவதும் இல்லை. ஆனால் காலையில் ஓடைப் பள்ளத்தில் நுழைந்தவர் நண்பகலில் எதிர்ச்சரிவில் 180 மீட்டருக்கு அப்பால் மானைப் பார்ப்பது அந்த மலைகளில் வழக்கம். அப்போது .30-30 கையில் இருப்பவர் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். .308 இரண்டு இடத்துக்கும் பொருந்தும். ஒரே ரைபிள்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், 18 முதல் 20 அங்குலக் குழலுடைய, தாழ்ப்பாள் போன்ற பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் .308 போல்ட் ரைபிளையும் 150 முதல் 180 கிரெய்ன் வரையிலான குண்டையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழலைக் குறைத்தால் அங்குலத்துக்கு நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகம் குறையும். புதரில் சிக்காமல் திரும்பும் வசதிக்கு அது சிறிய விலை.

.270-ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். 130 கிரெய்ன் குண்டு குழலை விட்டு நொடிக்கு 930 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. முப்பது மீட்டரில் தோள் எலும்பின்மேல் அந்த வேகத்தில் மோதும் மெல்லிய உறைக் குண்டு உள்ளே போகாமல் மேலேயே சிதறக்கூடும். இறைச்சி பாழாவதோடு மானும் காயத்துடன் ஓடிவிடும். எனவே .270 வைத்திருப்பவர்கள் ஈயமும் உறையும் பிரியாமல் பிணைக்கப்பட்ட குண்டையோ முழுச் செம்புக் குண்டையோ வாங்க வேண்டும். உண்மையில், காலிபரைப் பற்றி மாதக்கணக்கில் வாதிடும் நாம் குண்டின் கட்டமைப்பைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பெட்டாலிங் ஜெயா அன்பர்: 3-9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் (ரைபிளின்மேல் பொருத்தும் குறிபார்ப்பான்) ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. அதையே பொருத்தலாமா?

பொருத்தலாம்; ஆனால் காட்டுக்குள் நடக்கும்போது அது எப்போதும் 3-இல்தான் இருக்க வேண்டும். ஒன்பது மடங்கில் முப்பது மீட்டர் தொலைவைப் பார்த்தால் கண்ணில் விழும் அகலம் ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. கடமானின் உடலே அதைவிட நீளம். ரைபிளைத் தூக்கினால் பழுப்பு மயிரும் இலையும் தெரியுமே தவிர, அது தோளா தொடையா என்று தெரியாது. புதிதாக வாங்குபவர்களுக்கு 1-4 அல்லது 1.5-5 மடங்கு ஸ்கோப் மிகவும் ஏற்றது. 100 மீட்டரில் குண்டு குறியிலேயே விழும்படி அதைச் சரிசெய்து வைத்தால், .308-இல் இருபத்தைந்து மீட்டரிலிருந்து நூறு மீட்டர் வரை குண்டு குறியிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள்ளேயே விழும். நெருக்கத்தில் கணக்குப் போட வேண்டிய தேவையே இராது.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்கோப்பைத் தொலைநோக்கியாகப் பயன்படுத்தாதீர்கள். புதருக்குள் ஏதோ அசைகிறது என்று ஸ்கோப் வழியே பார்ப்பது, அது என்னவென்று தெரிவதற்கு முன்பே அதன்மேல் துப்பாக்கியை நீட்டுவதாகும். அங்கே இருப்பது இன்னொரு வேட்டைக்காரராகவோ காளான் பறிக்க வந்தவராகவோ இருக்கலாம். கழுத்தில் ஒரு சிறு பைனாகுலரை மாட்டிக்கொள்ளுங்கள். தலை, உடல், கால் மூன்றையும் இணைத்து ஒரு முழு மானாகக் கண்ட பிறகுதான் ரைபிள் தோளுக்கு வர வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தொப்பியும் சட்டையும் அணியுங்கள். மானின் கண்ணுக்கு அந்த நிறம் உறுத்துவதில்லை.

கிள்ளான் அன்பர்: நான் இடக்கைப் பழக்கமுள்ளவன். விசைக்குக் கீழுள்ள நெம்பியை இயக்கித் தோட்டா ஏற்றும் லீவர் ரைபிள் எனக்கு உதவுமா, அண்ணா?

மிகவும் உதவும். லீவர் எந்தக் கைக்கும் பொதுவானது. தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். தட்டையான உடல் என்பதால் கையில் பிடித்து நடக்கவும் இதம். குழலுக்குக் கீழே குழாய் வடிவ மேகஸின் (தோட்டா நிரப்பும் அறை) உள்ள மாதிரிகளில் கூர்மூக்கு உலோகக் குண்டுகளை ஒருபோதும் போடாதீர்கள், தம்பி. அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் பின்னதன் மூக்கு, முன்னதன் அடியிலுள்ள, தட்டினால் தீப்பற்றும் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பின்னுதையில் அது மேகஸினுக்குள்ளேயே வெடிக்கக்கூடும். தட்டை மூக்குக் குண்டுகளும், அந்த வகை ரைபிளுக்கென்றே மென்மையான நெகிழ்முனை வைத்துச் செய்யப்பட்ட குண்டுகளும் பாதுகாப்பானவை.

சுபாங் ஜெயா சகோதரி: என் கணவரின் .30-06 சுட்டால் தோள் இரண்டு நாள் வலிக்கிறது. இலகுவான தோட்டா எது?

7 எம்.எம்.-08. 140 கிரெய்ன் குண்டோடு அது சட்ட வரம்பைத் தாண்டிவிடுகிறது. பின்னுதையும் தெளிவாகக் குறைவு. ஆயினும் தோட்டாவை மாற்றுவதற்கு முன், தோளில் பதியும் ரைபிள் கட்டையின் நீளம் தங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், சகோதரி. ஆண்களின் அளவுக்கு வெட்டிய நீண்ட கட்டை, தோளில் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் புயத்தில் போய் நிற்கும். வலியில் பாதி அதனால் வருவது. வலியோடு பயிற்சி செய்தால் விசையை அழுத்தும் கணத்தில் உடல் தானாகச் சுளிக்கப் பழகிவிடும். பிறகு அந்தப் பழக்கத்தைக் களைவது கடினம்.

பூச்சோங் அன்பர்: கடமானுக்கு .223 தோட்டா போதாதா?

போதாது. விக்டோரியாவில் கடமானுக்கு அது சட்டவிரோதமும்கூட.

பினாங்கு, பாலிக் பூலாவ் அன்பர்: எங்கள் டுரியான் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுதுபோட்டுவிடுகின்றன. உரிமம் பெற்ற 12 போர் (12-bore) சன்னத் துப்பாக்கி வைத்திருக்கிறேன். ரைபிள் கிடைக்காத நமக்கு எந்தத் தோட்டா நல்லது?

நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ற கேள்வி. துப்பாக்கிக்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் தேவை. பன்றியைச் சுட 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தனியே தேவை. இரண்டும் சரியாக இருக்கின்றன என்று கொண்டு சொல்கிறேன்.

பெரிய சன்னங்கள் நிரப்பிய தோட்டா இருபத்தைந்து மீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் சன்னங்கள் பரவிவிடுவதால் ஒன்றிரண்டு மட்டும் பட்டு, பன்றி காயத்துடன் திரும்பிப் பாயும். காயம்பட்ட ஆண் பன்றியின் கோரைப்பல் எவ்வளவு ஆழமாகக் கிழிக்கும் என்பது தோட்டத்துக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒற்றைக் குண்டான ஸ்லக், ஒரு அவுன்ஸ் ஈயத்தை நொடிக்கு ஏறத்தாழ 490 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஐம்பது மீட்டர்வரை நம்பலாம். அவ்வளவு கனமான குண்டும் புதரில் பட்டால் விலகத்தான் செய்யும்.

எனினும் பாலிக் பூலாவின் சரிவுகளில் தோட்டத்தை அடுத்து வீடும், வீட்டை அடுத்துப் பாதையும் இருப்பதை நான் அறிவேன். குறி தப்பிய ஸ்லக் பல நூறு மீட்டர் பயணம் செய்யும். விடியற்காலையில் பழம் பொறுக்க வருபவர்கள் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டறிந்து, பின்னால் மண்சரிவு இருக்கும் திசையில் மட்டும், மேலிருந்து கீழ்நோக்கிச் சுடுங்கள்.

ரவாங் அன்பர்: குண்டு பட்டதா இல்லையா என்று புதருக்குள் எப்படி அறிவது?

சுட்ட இடத்தைவிட்டு நகராமல், மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளமாக வைத்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு கால்மணி நேரமாவது அசையாமல் நில்லுங்கள். உடனே ஓடினால், படுக்கப்போன மான் எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். இரத்தம் நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. மான் அருகிலேயே கிடக்கும். பச்சை நிறக் கசடு கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. சில மணி நேரம் பொறுத்துத்தான் தடம் பிடிக்க வேண்டும். இரத்தமே தெரியாவிட்டாலும் தப்பியது என்று முடிவு கட்டாதீர்கள். கடமானின் தடித்த தோலும் மயிரும் முதல் ஐம்பது மீட்டருக்கு ஒரு துளியையும் கீழே விடாமல் வைத்துக்கொள்வது உண்டு. விக்டோரியாவில் இரவில் மானைச் சுடத் தடை இருப்பதால், இருட்டுவதற்கு முன் தடம் பிடிக்க நேரம் இல்லையென்றால் அந்த மாலையில் சுடாமலே விட்டுவிடுங்கள்.

செந்தூல் அன்பர்: விக்டோரியாவில் உறவினரின் ரைபிளால் பயிற்சி செய்துவிட்டுத் திரும்பும்போது ஒரு தோட்டாவை நினைவுப் பொருளாக எடுத்துவரலாமா?

கூடவே கூடாது. உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பவருக்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. மறந்துவிட்டேன் என்று கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் சொல்லித் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். வேட்டைக்குப் பயன்படுத்திய பையையும் கால்சட்டையையும் வேறாக வைத்து, புறப்படுவதற்கு முந்தின நாளே ஒவ்வொரு பையறையையும் வெளியே புரட்டிப் பாருங்கள்; ஜாக்கெட்டின் உள் அறையையும் விட்டுவிடாதீர்கள்.