மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா? சிங்கப்பூர் சிவில் வழக்குகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மாவட்ட நீதிமன்றத்தில் 90,000 வெள்ளி கேட்டு வழக்குப் போட்டேன். 45,000தான் கிடைத்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாமா? (யீஷூன்)

போகலாம். இங்கே உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சேர்ந்ததுதான் உச்ச நீதிமன்றம். உயர் நீதிமன்றத்துக்கு 2021 ஜனவரி 2 முதல் பொதுப் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு என இரண்டு பிரிவுகள். உங்கள் வழக்கு போக வேண்டியது பொதுப் பிரிவுக்கு. விசாரணையில் சர்ச்சையில் இருந்த தொகை, வட்டியும் செலவும் நீங்கலாக, 60,000 வெள்ளியைத் தாண்டியிருந்தால் அனுமதி கேட்க வேண்டாம். தீர்ப்பில் கிடைத்த 45,000 இந்தக் கணக்கில் வராது. ஆனால் விசாரணைக்கு முன்பே கோரிக்கையை 55,000க்குக் குறைத்திருந்தால் அனுமதி வாங்கியாக வேண்டும்.

கேள்வி: அந்த அனுமதி எளிதில் கிடைக்குமா?

கிடைக்காது. மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும்: மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும் சட்டப் பிழை, முதன்முறையாக முடிவாகும் பொதுவான சட்டக் கோட்பாடு, அல்லது மேல் நீதிமன்றம் தீர்த்து வைத்தால் பொதுமக்களுக்குப் பயன் தரும் முக்கியக் கேள்வி. 'நீதிபதி என் சாட்சியை நம்பவில்லை' என்பது இவற்றில் எதிலும் சேராது.

கேள்வி: என் வழக்கு பொதுப் பிரிவிலேயே நடந்து முடிந்தது. அடுத்து எங்கே?

பெரும்பாலான சிவில் வழக்குகள் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும். அரசமைப்பு, நிர்வாகச் சட்டம், நடுவர் தீர்ப்பாயம், நிறுவனக் கலைப்பு, காப்புரிமை போன்றவை நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. சர்ச்சைத் தொகை 250,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால் இங்கும் அனுமதி தேவை. மேல்முறையீட்டுப் பிரிவிலும் தோற்றால், பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே, அதுவும் அனுமதியோடு, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே எதுவும் இல்லை. முன்பு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி 1994லேயே மூடப்பட்டுவிட்டது.

கேள்வி: எழுத்துபூர்வமான தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திருக்கலாமா? (ஜூரோங்)

கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பொதுப் பிரிவில் முழு விசாரணை முடிந்த வழக்குக்கு மேல்முறையீட்டு அறிவிப்பை 28 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். செலவுத்தொகை உட்பட எல்லாம் முடிவான பிறகே நாள் ஓடத் தொடங்கும்; அதன்பின் விரிவான காரணங்கள் தாமதமானாலும் கடிகாரம் நிற்காது. எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணைத்தொகையும் தயாராக இருக்க வேண்டும்: மேல்முறையீட்டுப் பிரிவென்றால் 15,000 வெள்ளி, மேல்முறையீட்டு நீதிமன்றமென்றால் 20,000. பிறகு வரும் ஆவணங்களைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், மேல்முறையீட்டை மீட்டுக்கொண்டதாகவே கருதிவிடுவார்கள்.

கேள்வி: மேல்முறையீடு செய்துவிட்டால் பணம் கட்டத் தேவையில்லைதானே?

தேவை. மேல்முறையீடு தானாகத் தீர்ப்பை நிறுத்தாது. நிறைவேற்றத்துக்குத் தடை கேட்டுத் தனியாக விண்ணப்பியுங்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காமல் போகும் என்பதற்கு ஆதாரம் வையுங்கள். வெறும் பணக்கஷ்டம் மட்டும் போதாது.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பித்த ஒப்பந்தக்காரர்மீது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்தேன், தோற்றுவிட்டேன். (உட்லண்ட்ஸ்)

சட்டக் கேள்வி இருந்தாலோ, மன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட கோரிக்கை என்றாலோ மட்டுமே வழி உண்டு. முதலில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி, பிறகு பொதுப் பிரிவு. ஓடு சரியாக ஒட்டப்பட்டதா என்பது உண்மை பற்றிய கேள்வி. அதை அங்கே மறுபடி விசாரிக்க மாட்டார்கள்.

கேள்வி: புதிய வாட்ஸ்அப் உரையாடல் ஒன்று கிடைத்திருக்கிறது. சேர்க்கலாமா?

முழு விசாரணைக்குப் பிறகென்றால் கடினம். உரிய முயற்சி எடுத்தும் அப்போது கிடைத்திருக்க முடியாது, முடிவைப் பெரிதும் பாதிக்கும், நம்பத்தக்கது என்ற மூன்றையும் நிறுவ வேண்டும். உங்கள் பழைய கைப்பேசியிலேயே கிடந்த செய்தி என்றால் முதல் படியிலேயே நின்றுவிடும்.